கூரைச் சந்தில் ஒரு குழந்தை வண்டி

செப்டம்பர் 11, திங்கள்

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்து இது இரண்டாவது வாரம். காலையில் ரூனாவை ஹைட்ரூன் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது அழுதது நான்தான். அவள் அழவில்லை, கையாட்டினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பதினாலு மாதக் குழந்தை அம்மாவைக் கையாட்டி வழியனுப்பி வைக்குமா? அழுதால் பதறுகிறேன், அழாவிட்டால் அதற்கும் பதறுகிறேன்.

"குழந்தைக்குப் பழகிருச்சு, தங்கம். உங்களுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும்" என்றார் ஹைட்ரூன்.

பிள்ளைகளைப் பகலில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பகலம்மா அவர். அறுபதை நெருங்குகிறார். வளையச் சாலையில் அந்தப் பெரிய வளைந்த கட்டடத்தில் இரண்டாம் மாடி. இப்போது ரூனாவோடு நான்கு பிள்ளைகள். இந்த இடம் கிடைப்பதற்காக ரூனா வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைத்தேன். லைப்சிக்கில் பிள்ளைக்குப் பெயர் யோசிப்பதற்கு முன்பே வரிசையில் இடம் பிடித்துவிட வேண்டும்.

என் அலுவலகம் ஹெர்மெலின் முற்றத்தில், மூன்றாம் மாடி. கீழே பீட்டர்ஸ் தெருவில் நுழைந்து சந்தைச் சதுக்கத்துப் பக்கம் வெளியே வருகிற கூரைச் சந்து: இரண்டு பக்கமும் கடை, எங்கள் மாடிக்கும் மேலே கண்ணாடிக் கூரை. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் நூறு வருடத்துக்கு முன் என்ன நிறம் இருந்தது என்று சுரண்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து முற்றம் முழுதும் தெரிகிறது: கையுறைக் கடை, ரொட்டிக் கடை, தேயிலைக் கடை. மனிதர்களின் தலையும் தோளும் மட்டும் தெரியும். முகம் தெரியாது.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று காலையில் கொஞ்ச நேரம் ரூனாவை நினைக்கவே இல்லை. நினைவு வந்ததும், யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

என்ன பார்த்தேன்? சரியாக எழுதிப் பார்க்கிறேன்.

மழை. மழை நாளில் ஊரே கூரைச் சந்துகளுக்குள் புகுந்துவிடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறி, குடையைப் பிரிக்காமலே பாதி நகரத்தைக் கடந்துவிடலாம். ஹைட்ரூனும் மழை நாளில் பிள்ளைகளை இப்படித்தான் உலாவக் கூட்டிப்போவார். பெரிய மூன்று பேரும் வளையம் வைத்த கயிற்றைப் பிடித்து நடப்பார்கள். ரூனா வண்டியில்.

பதினொரு மணி வாக்கில் ஜன்னல் வழியே பார்த்தேன். கையுறைக் கடை வாசலில் ஒரு பச்சை வண்டி. மஞ்சள் போர்வை. இரண்டும் ரூனாவுடையதைப் போல. வண்டிக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஹைட்ரூன் இல்லை, கயிறு இல்லை, பிள்ளைகள் இல்லை. ஈரக் குடையோடு ஆட்கள் வண்டியை ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், விளம்பரப் பலகையை ஒதுக்கிப் போவதுபோல.

ஓடினேன். லிஃப்ட் வரவில்லை. படியில் இறங்கி, எங்கோ தவறாகத் திரும்பி, குப்பைத் தொட்டிகள் நிற்கும் கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டேன். அந்தக் கதவு உள்பக்கமிருந்துதான் திறக்கும். தெருவைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது வண்டி இல்லை. தரையில் ஈரச் சக்கரத் தடம் மட்டும். அதுவும் யாருடையதோ.

தொப்பலாக நனைந்து மேலே வந்தால் என் மேலதிகாரி ஆல்ப்ரெஷ்ட், "எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்றார். "இல்லை, காற்று வாங்கப் போனேன்" என்றேன். மழையில்.

ஹைட்ரூனைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. ஏன் அழைக்கவில்லை? எடுக்காமல் போய்விடுவாரோ என்ற பயமா, எடுத்து ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமா?

சாயங்காலம் ரூனா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். போர்வை உலர்ந்துதான் இருந்தது. ரூனாவின் அப்பா ஃபால்க் சொல்கிறான், "பச்சை வண்டியும் மஞ்சள் போர்வையும் பாதி லைப்சிக்ல இருக்கு, மெரெட்." இருக்கலாம். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் எல்லாக் குழந்தையும் ஒரு போர்வைதான்.

செப்டம்பர் 20, புதன்

ஹைட்ரூனிடம் கேட்டுவிட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். நான் நம்பாமல், அவர் நம்ப வைக்க, அப்படிப் போகும் என்று. அவர் என்னடாவென்றால் ரூனாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆமா, நான்தான் விட்டேன். ரொட்டி வாங்கப் போனேன். ரூனா நல்லாத் தூங்கிட்டு இருந்தா. ரெண்டு ரொட்டிக்காக தூங்கற பிள்ளைய எழுப்புவாங்களா?"

"தனியாவா?"

"தனியாவா? கடைத்தெருவுல யாரு தனியா இருக்கா, தங்கம்? எங்க காலத்துல தகர டப்பா வாசல்ல வந்து பாத்திருக்கணும் நீங்க. வண்டியெல்லாம் சைக்கிள் நிறுத்தின மாதிரி வரிசையா நிக்கும். உள்ள ஆரஞ்சுக்கு வரிசை, வெளிய பிள்ளைங்க வரிசை. எது அழுதாலும் பக்கத்துல நிக்கறவ ஆட்டிவிடுவா. உன்னுது என்னுதுன்னு எவ பாத்தா?"

தகர டப்பா என்பது தெருக்கோடியில் தகடு வேய்ந்த அந்தப் பழைய பெரிய கடை. எங்க காலம் என்பது பெர்லின் சுவர் விழுவதற்கு முன், இது கிழக்கு ஜெர்மனியாக இருந்தபோது. அப்போது நான் பிறக்கவே இல்லை. நான் பிறந்த ஹூசும் என்கிற கடலோர ஊர் அந்த நாட்டில் இருக்கவும் இல்லை, அது மேற்கில்.

நான் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! நன்றி!

ஃபால்க்கிடம் சொன்னேன். சிரித்தான். பிறகு அவன் வீட்டுக் கதையை எடுத்துவிட்டான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, புத்தாண்டுக்கு முந்தின நாள், அவன் அம்மா அவனை மீன்கடை வாசலில் வண்டியோடு நிறுத்திவிட்டு உள்ளே வரிசையில் நின்றார்களாம். நெடுநேரம் நின்று இரண்டு கெண்டை மீன் கிடைத்த சந்தோஷத்தில், கடையின் பின்வாசல் வழியாக வெளியே வந்து டிராம் ஏறி வீட்டுக்கே போய்விட்டார்களாம். அப்பா மீனைப் பார்த்து, "மீன் நல்லாத்தான் இருக்கு. பையன் எங்க?" என்றாராம்.

"திரும்பப் போனா, மூணு பொம்பளைங்க என்னைச் சுத்தி நின்னு பாட்டுப் பாடிட்டு இருந்தாங்களாம். எனக்கு என்ன ஆச்சு இப்ப? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்ல?"

"ஒருத்தி தூக்கிட்டுப் போயிருந்தா?"

"எங்க தூக்கிட்டுப் போவா? அதுதான் எல்லாப் பக்கமும் சுவர் இருந்துச்சே!"

அவன் குடும்பத்தில் இது கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்லிச் சிரிக்கிற கதை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது, பிசகு யாரிடம்?

செப்டம்பர் 24, ஞாயிறு

கடைகளெல்லாம் மூடிய பீட்டர்ஸ் தெருவில் ரூனாவைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஆள் அரவமே இல்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பத்தடிக்கு மேல் என்னால் முடியவில்லை.

"உங்க ஊர்ல ஆடுங்க அணைக்கரைல தனியாத்தானே மேயுது! அதுங்களுக்கு மட்டும் யாரு துணை?" என்கிறான் ஃபால்க்.

ஆடும் ரூனாவும் ஒன்றா என்று கத்தினேன். தெரு முழுக்க எதிரொலித்தது. கண்ணாடிக்குப் பின்னால் துணிக்கடைப் பொம்மைகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

அக்டோபர் 10, செவ்வாய்

இன்று குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பகலம்மாக்களுக்கு அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள்தான். ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றார். வைத்துவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும்? ஹைட்ரூனின் அனுமதி போகலாம். நான்கு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ரூனாவுக்கு அடுத்த ஆகஸ்ட் வரை வேறு இடமில்லை. நான் வேலையை விட வேண்டியிருக்கும். ஆல்ப்ரெஷ்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டார், "கூரைச் சந்து நூறு வருஷம் காத்திருக்கும், மெரெட். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்."

சொல்லாவிட்டால்? ஒருநாள் வண்டி அங்கே இருக்காது. அப்போது இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, அக்டோபர் பத்தாம் தேதியே உனக்குத் தெரியுமே என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

நான் பேசாமல் இருப்பது ஹைட்ரூன் மேல் உள்ள இரக்கத்தாலா, என் வேலைக்காகவா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று மட்டும் தெரியவில்லை. பூச்சு அடுக்கென்றால் கத்தியால் சுரண்டிப் பார்ப்பேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

விடுமுறை. கடைத்தெருப் பக்கம் சும்மா போனோம். வளையச் சாலைக்கு வந்ததும் ரூனா வண்டியிலிருந்து இறங்க அடம்பிடித்தாள். இறக்கிவிட்டால் ஹைட்ரூன் இருக்கும் கட்டடத்தின் வாசலுக்குத் தத்தித் தத்திப் போய் இரண்டு கையாலும் கதவைத் தட்டுகிறாள். "இன்னைக்கு லீவுடா செல்லம்" என்று தூக்கினால் என் தோளைக் கடிக்கிறாள்.

இந்தக் குழந்தையை அங்கிருந்து எடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நவம்பர் 16, வியாழன்

மதியம் கையுறைக் கடைக்குப் போனேன். லீபோல்ட் அம்மா தனியாகத்தான் கடையைப் பார்க்கிறார்கள். கையுறை எதுவும் வேண்டாம், செப்டம்பரில் மேலே என் ஜன்னலிலிருந்து உங்கள் வாசலில் ஒரு பச்சை வண்டியைப் பார்த்தேன், அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன்.

"ஹைட்ரூனோட வண்டியா? தெரியுமே! கண்ணாடி வழியா கையக் காட்டுவா, நான் தலையாட்டுவேன். நான்தான் பாத்துக்கறேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இவ்வளவுதானா! ஆள் இருந்திருக்கிறது! மேலிருந்து பார்த்த எனக்குக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர் தெரியவில்லை!

"எப்பவும் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

"வாடிக்கையாளர் இல்லாதப்ப பாப்பேன்."

"வாடிக்கையாளர் இருந்தா?"

அவர்கள் என்னைப் பார்த்த பார்வை, நான்தான் ஏதோ விவரமில்லாமல் கேட்டதுபோல இருந்தது. "இருந்தா அவங்களுக்குக் கையுறை காட்டுவேன். இது கடையாச்சே, கண்ணு."

வந்த மூச்சு திரும்பிப் போய்விட்டது.

டிசம்பர் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு யோசிக்கிறேன்.

இன்று எனக்கு அரைநாள் விடுப்பு. ரூனாவை முன்னதாகவே அழைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் சந்தை திறந்த முதல் வாரம், தெருவில் கால் வைக்க இடமில்லை. ரூனா வண்டியில் தூங்கிவிட்டாள். ஹெர்மெலின் முற்றத்து வழியாகத்தான் வந்தேன். கையுறைக் கடை வாசலில் நின்றேன். அந்த யோசனை அப்போதுதான் வந்தது. இல்லை, பொய். நவம்பர் பதினாறாம் தேதியிலிருந்தே இருந்தது.

லீபோல்ட் அம்மா நிற்கும் இடத்திலிருந்து வண்டி எவ்வளவு தெரியும்? இதைச் சரிபார்த்துவிட்டால் முடிவெடுத்துவிடலாம் என்று தோன்றியது. நன்றாகத் தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லிவிடலாம். அளந்து பார்த்து முடிவெடுப்பது, எங்கள் தொழிலில் செய்வதுபோல.

சரிபார்க்க வேண்டுமென்றால் வண்டி வெளியே இருக்க வேண்டும், நான் உள்ளே இருக்க வேண்டும்.

பிரேக்கைப் போட்டேன். உள்ளே போனேன். "ஒரு நிமிஷம் உங்க இடத்துல நிக்கட்டுமா?" என்று கேட்டேன். லீபோல்ட் அம்மா, "நில்லுங்களேன்!" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். நின்றேன். தெரிந்தது. வண்டி முழுசாக, போர்வை நுனி வரை தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

அப்போது ஒரு சுற்றுலாக் கூட்டம் முற்றத்துக்குள் வந்தது. கொடி பிடித்த வழிகாட்டி சரியாக எங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, எல்லோரையும் கூரையைப் பார்க்கச் சொன்னாள். முதுகு, முதுகு, முதுகு. குளிர் கோட்டுச் சுவர். நான் கதவை நோக்கி ஓடினேன். கதவு வெளிப்பக்கம் திறப்பது, முதுகுகள் நகரவில்லை. தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி இல்லை.

பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. கத்தினேன் என்று சொல்கிறார்கள்.

பீட்டர்ஸ் தெரு வாசலில் இருந்தது வண்டி. ஒரு மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறு கையில் கைபேசி. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வந்தவராம். நெரிசலில் ஆட்கள் வண்டிமேல் சாய்ந்தார்களாம், பக்கத்தில் யாருமே இல்லையாம், அதனால் ஓரமாகக் கொண்டுவந்துவிட்டு போலீஸை அழைத்தாராம். நான் பிடுங்குவதுபோல வண்டியைப் பற்றினேன். அவர் விடவில்லை.

"நீங்க யாருங்க?"

"அம்மா!"

"அம்மாவா? அம்மான்னா இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

போலீஸ் வந்தது. என்னைவிடச் சின்னப் பெண். "உள்ள என்ன வாங்கப் போனீங்க?" என்று கேட்டாள். எதுவும் வாங்கவில்லை. கடைக்குள்ளிருந்து வண்டி தெரிகிறதா என்று பார்க்கப் போனேன். இதைச் சொன்னபோதுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவள் எழுதிக்கொள்ளாமல் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத் தூங்கறீங்களா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தகவல் போகும், அது வழக்கமான நடைமுறைதான், பயப்பட வேண்டாம் என்றாள்.

ரூனா எல்லாவற்றையும் தூங்கியே கழித்துவிட்டாள்.

டிசம்பர் 2, சனி

ஹைட்ரூன்மேல் புகார் செய்யலாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். கடைசியில் என்மேல்.

டிசம்பர் 5, செவ்வாய்

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்தார்கள், ஒரே ஒருவர். திருமதி நோவாக். நிதானமான பெண். காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து தரையிலேயே உட்கார்ந்து ரூனாவோடு கட்டை அடுக்கினார். நான் முந்தின நாளே ஜன்னலெல்லாம் துடைத்திருந்தேன். எதற்கு?

ஃபால்க் காப்பி போட்டான், பாதியைத் தட்டில் ஊற்றினான். அவன் இப்படித் தடுமாறி இதுவரை நான் பார்த்ததில்லை. கெண்டை மீன் கதையைச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். நல்லவேளை, வாயே திறக்கவில்லை.

கடைசியில் திருமதி நோவாக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது, யாராவது, குழந்தைய இப்படித் தனியா விட்டிருக்காங்களா?"

யாராவது.

நான் சொல்ல வேண்டியதை இதைவிட நன்றாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் இப்போது சொன்னால்? பிடிபட்டதும் பழியை அடுத்தவர் தலையில் போடுகிறாள் என்று ஆகாதா? வாயைத் திறந்தேன். "இல்லை" என்று வந்தது.

ஹைட்ரூனைக் காப்பாற்றினேனா? என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? யாரையும் காப்பாற்றாத ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேனா?

பகலம்மாவிடமும் பேசலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். வேறென்ன சொல்வது?

டிசம்பர் 7, வியாழன்

ஹைட்ரூன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் ரூனாவை அழைக்கப் போனால், வாசலிலேயே, மற்ற அம்மா அப்பாக்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே: "உங்க நோவாக் அம்மா பேசினாங்க. நீங்க எப்படின்னு கேட்டாங்க. குறைவாப் பயப்படற அம்மா இல்ல, கூடுதலாப் பயப்படற அம்மான்னு சொன்னேன். வண்டிய வெளிய விடறது என்கிட்டயிருந்து பாத்ததா இருக்கும், நான்தான் எப்பவும் விடறேன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். ஒளிச்சு வைக்க அது என்ன திருட்டா?"

எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து, நான் சொன்ன "இல்லை"யையும் உடைத்து, தன் கழுத்தையும் நீட்டியிருக்கிறார். எதுவும் அவருக்குத் தெரியாது. ரூனாவின் தொப்பியை எனக்குப் பதிலாக அவரே கட்டிவிட்டார்.

டிசம்பர் 8, வெள்ளி

இன்று ஹைட்ரூனுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் லீபோல்ட் அம்மா ரொட்டிக் கடையில் ஹைட்ரூனைப் பார்த்து, நான் செப்டம்பரில் மேலிருந்து பார்த்ததையும், வந்து கேள்வி கேட்டதையும், அவர்கள் இடத்தில் நின்று பார்த்ததையும், எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஹைட்ரூன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"செப்டம்பர்லேருந்து மேலேருந்து பாத்துட்டு இருந்தீங்களா?"

"அது... என் மேசை அங்கதான் இருக்கு..."

"கடைக்கடையா விசாரிச்சீங்களா?"

"ஒரு கடைலதான்."

"எங்க காலத்துல அதுக்குன்னே அரசாங்கம் ஆள் வெச்சிருந்துச்சு, மெரெட். சம்பளம் கொடுத்து. எதுத்த வீட்டு ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருப்பாங்க. காலைல பாத்தா வணக்கம் சொல்லுவாங்க, நல்லாச் சிரிப்பாங்க. நீங்களும் தினமும் சிரிச்சீங்களே!"

"என் குழந்தை... நான் பயந்தேன். அவ்வளவுதான்."

"பயந்தா எறங்கி வந்து கத்தணும். எம் மூஞ்சிக்கு நேரா. உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா பிள்ளைய வேற எடத்துல விடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேலேருந்து பாக்காதீங்க. அது மட்டும் வேண்டாம்."

நான் என்ன தப்பு செய்தேன்? பெற்ற குழந்தையைப் பார்த்தேன். அதற்குள் என்னை எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்! வீட்டுக்கு வந்து ஃபால்க்கிடம் கத்தினேன். அவன் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டான். பிறகு, "எங்க மாமா வீட்டுக்கு எதிர்ல அப்படி ஒருத்தர் இருந்தார்" என்றான். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மாமா கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கெண்டை மீன் கதை மட்டும்தான் தெரியும்.

அவர் செய்தது தப்புதான். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் செய்ததும் தப்பா? இரண்டு பேரும் தப்பு என்றால் ரூனாவுக்கு யார் சரி?

டிசம்பர் 12, செவ்வாய்

திருமதி நோவாக் அழைத்தார். என் விஷயம் முடிந்தது, இனி வர மாட்டார்களாம். பிறகு கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே, பகலம்மா வண்டிய வெளிய விடறது?"

"தெரியும்."

"அடுத்த தடவ யாராவது கேட்டா, தெரிஞ்சத சொல்லிருங்க. எங்களுக்கு அதுதான் சுலபம்."

திட்டியிருக்கலாம்.

ஹைட்ரூனின் அனுமதி போகவில்லை. இனி எந்தக் குழந்தையையும் எந்த வாசலிலும் விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மீறினால் அனுமதி அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. செப்டம்பரில் நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான், வார்த்தைக்கு வார்த்தை. ஏன் ஜெயித்த மாதிரி இல்லை?

ஃபால்க்: "ரூனாவ அங்கயே விடறதா, எடுக்கறதா? முடிவு பண்ணு." விடுவதாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். காலையில் அந்தக் கதவை அவள் தட்டுவதை நீ பார்த்திருக்கிறாயா என்றேன்.

ஜனவரி 9, செவ்வாய்

விடுமுறைக்குப் பிறகு முதல் வாரம். ஹைட்ரூன் காலையில் கதவைத் திறந்து, "வணக்கம். எத்தனை மணிக்கு வருவீங்க?" என்கிறார். சாயங்காலம், "சாப்பிட்டா. தூங்கினா. வணக்கம்." எல்லாம் சரியாக இருக்கிறது. ரூனாவிடம் கொஞ்சல் குறையவில்லை. என்னிடம் மட்டும் தபால்காரரிடம் பேசுவதுபோல.

அலுவலகத்தில் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன், முதுகு ஜன்னலுக்கு. ஆல்ப்ரெஷ்ட், "வெளிச்சம் பின்னாடியிருந்து வந்தா நிறம் எப்படித் தெரியும்?" என்கிறார். தெரியவில்லைதான்.

ஜனவரி 17, புதன்

உறைபனி மழை. முதுகுக்குப் பின்னால் முற்றத்திலிருந்து அழுகை கேட்டது. என் பிள்ளை அழுகை எனக்குத் தெரியாதா? திரும்பவில்லை.

மதியம் ரொட்டிக் கடைக்கு நான் போனபோது கடைக்காரப் பெண் சலித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு படி ஏறி வண்டி, கயிறு, மூணு பிள்ளைங்க, எல்லாம் உள்ள வருது. வாசல அடைச்சிருது. ஒண்ணு முழிச்சு அலறுது, ஒண்ணு கேக்குல கை வைக்குது. போன வருஷம் வரைக்கும் இந்த அம்மா நல்லாத்தான் இருந்தாங்க, இப்ப என்ன வந்துச்சோ!"

இரண்டு கேக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

மழை. பதினொரு மணிக்குக் கீழே சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ரொட்டிக் கடைப் படிக்குக் கீழே ஹைட்ரூன் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். கயிறு காலில் சுற்றியிருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வர முடியாமல் நின்றார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. இந்தமுறை படியில் சரியாகத் திரும்பினேன். நேரே போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"நான் நிக்கறேன். நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

அவர் நிமிரவில்லை. "மேலேருந்து பாத்தீங்களா?"

"ஆமா. பாத்துட்டுத்தான் எறங்கி வந்தேன்."

சக்கரத்தைத் தரையில் வைத்தார். காலில் சுற்றிய கயிற்றை விடுவித்து என் கையில் கொடுத்தார். "இழுக்காதீங்க. அவங்கதான் உங்கள இழுப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரூனா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி, "நீ ரூனாவோட அம்மா" என்று அறிவித்தாள், எனக்குத் தெரியாது என்பதுபோல. ஒருவனுக்கு மூக்கு ஒழுகியது, துடைத்தேன். குடையோடு போன ஒரு பெண்மணி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாலும் உங்களுதா?" என்று கேட்டாள். நல்ல நோக்கமா, சந்தேகமா, தெரியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நின்று கேட்டிருப்பேன்.

"இப்ப ஆமாங்க" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச தூரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஹைட்ரூன் பையோடு வந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி ரொட்டி. சற்று யோசித்து, எனக்கும் ஒரு பாதி. சூடாக இருந்தது. கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு சந்தைச் சதுக்கத்துப் பக்கம் நாலடி போனவர், திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கும் மழையாம்."

"எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டேன்.